தோல் முந்திச் சொல்லும்

குழந்தையின் தொடையிலோ முதுகிலோ ஒரு வெளிறிய திட்டு கண்ணில் பட்டால், காஞ்சிபுரத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி "தேமலா?" என்பதுதான். வயதில் மூத்தவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் இன்னொன்றையும் நினைத்துப் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்கு இந்த வட்டாரத்தில் ஒரு வரலாறு உண்டு.

2019 வரை செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஒரே மாவட்டம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருந்தது. ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் 1940களில் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது அங்கேதான். 1955இல் அதை மத்திய அரசு ஏற்றது. இன்று அது மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம். காஞ்சிக்கு மேற்கே, வேலூரில், பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்துகொண்டே ஓர் உண்மையை உலகுக்குக் காட்டினார்: நோயாளியின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்டும் வெட்டியும் புண்பட்டுத் தேய்கின்றன. தோல் நோய் என்று ஊர் ஒதுக்கிவைத்தது அடிப்படையில் நரம்பு நோய்.

ஆகவே தோலைப் பார்த்து நரம்பை அறிவது இந்த வட்டாரத்துக்குப் புதிய பாடம் இல்லை. வீடு வீடாகப் போன சுகாதார ஊழியர்கள் அதைக் கையோடு செய்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, திட்டின் மேல் பேனா முனையால் மெல்லத் தொட்டு, "எங்கே தொட்டேன், விரலை வைத்துக் காட்டு" என்பார்கள். திட்டுக்கு வெளியே தொட்டால் சரியாகக் காட்டுபவர் திட்டின் நடுவில் தொட்டதை உணராவிட்டால் சந்தேகம் எழும். பிறகு பரிசோதனை, 6 மாதமோ 12 மாதமோ கூட்டு மருந்து, குணம். நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகத் தொழுநோய் இறங்கிவிட்டதாக 2005 டிசம்பரில் அறிவிக்க முடிந்ததில் அந்தப் பேனா முனைக்கும் பங்கு உண்டு.

ஆனால் தொட்ட இடம் சரியாகத் தெரிகிறது, அரிப்பு இல்லை, செதில் இல்லை, திட்டு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது என்றால்? "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஒன்றிரண்டு வெளிறிய மச்சங்களோடு நலமாக வாழ்பவர்கள் ஏராளம். ஆனால் மிகச் சிலருக்கு அந்தத் திட்டுகள், மூளையில் நடக்கப்போவதை மாதக்கணக்கில் முன்னதாகவே தெரிவிக்கின்றன. கிருமியால் வராத, மரபணுவில் எழும் அந்த அரிய நோய்களையும் தொழுநோயைப் போலவே தோலில் படிக்கக் கற்றாக வேண்டும். ஏனென்றால் முன்பு படித்தும் பயனில்லாதிருந்தது. இப்போது பயன் இருக்கிறது.

ஒரே அடுக்கில் பிறந்தவை

தோலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? கருவின் மூன்றாவது வாரத்தில் விடை இருக்கிறது. அந்த வாரத்தில் கரு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. மேலடுக்குக்குப் புறப்படை என்று பெயர். அதன் நடுப்பகுதி தடித்து, பள்ளமாகி, இரு கரைகளும் மடிந்து சேர்ந்து ஒரு குழலாக மூடிக்கொள்கிறது. ஏறத்தாழ 28ஆம் நாளில் இந்த வேலை முடிந்துவிடும். உள்ளே போன குழல் மூளையும் தண்டுவடமும் ஆகிறது. வெளியே நின்ற பகுதி மேல்தோல், முடி, நகம் ஆகிறது. உடலின் மேற்பரப்பும் அதன் ஆழத்தில் உள்ள மூளையும் ஒரே அடுக்கிலிருந்து வந்தவை.

உறவு இதோடு முடியவில்லை. குழல் மூடும்போது அதன் விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கழன்று உடலெங்கும் பயணம் போகின்றன. நரம்பு முகடு என்று அந்தக் கூட்டத்தைச் சொல்வார்கள். அவற்றில் சில தோலில் தங்கி, நிறம் தரும் மெலனினைச் செய்யும் நிறமிச் செல்கள் ஆகின்றன. வேறு சில, கை கால்களில் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றிப் படர்ந்து காக்கும் ஸ்வான் செல்கள் ஆகின்றன. தொழுநோய்க் கிருமி போய்க் குடியேறுவதும் இந்த ஸ்வான் செல்லில்தான். நம் தோலின் நிறமும் நரம்பின் உறையும் உடன்பிறந்தவை என்பதால், ஒரு மரபணுவில் நேரும் பிழை இரண்டையும் ஒருசேரத் தாக்க முடிகிறது.

தோலையும் நரம்பையும் பிணைக்கும் வழி இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். சில நோய்களில் இரண்டுக்கும் பொதுவான கொழுப்புப் பொருள் கெடுகிறது. சிலவற்றில் எல்லாச் செல்லுக்கும் பொதுவான பழுதுபார்க்கும் ஏற்பாடு கெடுகிறது. சிலவற்றில் ஒரு வைட்டமின் உடலில் தங்காமல் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் பார்ப்போம்.

தூக்கித் தூக்கிப் போடும் குழந்தை

நான்கைந்து மாதக் குழந்தை. தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் கவிழ்கிறது, இரண்டு கைகளும் விரிகின்றன, ஒரு நொடியில் சரியாகிவிடுகிறது. சில நொடிகள் கழித்து மறுபடியும். இப்படிப் பத்து, இருபது முறை அடுக்கடுக்காக வந்து நிற்கும். "தூக்கித் தூக்கிப் போடுது" என்று தாய் சொல்வாள். மாந்தம், உரம் விழுந்தது, எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மருத்துவம் இதை மழலைப் பருவ வலிப்பு என்கிறது. ஒவ்வொரு நாளும் முக்கியம். மூளையின் மின் ஓட்டம் தாறுமாறாகக் கிடக்கும் அந்த வாரங்களில் குழந்தை சிரிப்பதை நிறுத்தும், முகம் பார்ப்பதை நிறுத்தும், கற்றதை இழக்கும்.

இந்த வலிப்புக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். பாரிஸில் டெசிரே மக்லுவார் பூர்ணவீல் 1880இல் விவரித்த நோய் இது. உலக அளவில் ஏறத்தாழ 6,000 பிறப்புக்கு ஒன்று என்பது கணக்கு. அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில் வருடந்தோறும் 150 குழந்தைகள் இந்த நோயோடு பிறக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் வலிப்பு வரும். மூளையிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றும். பலருக்குப் படிப்பிலும் பேச்சிலும் பழக்கத்திலும் சிக்கல் இருக்கும்.

வலிப்புக்கு முன்னால் வருவது தோல். பிறக்கும்போதோ முதல் சில மாதங்களிலோ உடலில் வெளிறிய திட்டுகள் தெரியும். பல திட்டுகள் இலை வடிவில், ஒரு முனை உருண்டு மறுமுனை கூர்ந்து இருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறையாத திட்டுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவர் இந்த நோயை நினைக்க வேண்டும். சாதாரண வெளிச்சத்தில் சில திட்டுகள் தப்பிவிடும். அறையை இருட்டாக்கி, வூட்ஸ் விளக்கு என்னும் ஊதா ஒளி விளக்கைக் குழந்தையின் உடல்மேல் மெதுவாக நகர்த்தினால், அதுவரை தெரியாதிருந்த திட்டுகள் பளிச்சென்று வெண்மையாக எழும்பி வரும். தோல் மருத்துவர்களின் அறையில் சாதாரணமாக இருக்கும் கைவிளக்கு அது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. வலிப்பு வந்த ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் இதைச் செய்யத் தடையாக எதுவும் இல்லை.

சில குழந்தைகளில் பிறப்பதற்கு முன்பே தகவல் கிடைத்துவிடும். கர்ப்பகால ஸ்கேனில் சிசுவின் இதயத்தில் சிறு கட்டிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் இந்த நோயைச் சுட்டும். அந்தக் கட்டிகள் பிறந்தபின் பலருக்குத் தாமே சுருங்கிவிடும். அவை தந்த எச்சரிக்கையை மறந்துவிடக் கூடாது.

உள்ளே நடப்பது இதுதான். 1993இலும் 1997இலும் கண்டறியப்பட்ட இரண்டு மரபணுக்கள் சேர்ந்து, செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்னும் புரதத்தைக் கட்டுக்குள் வைக்கின்றன. இரண்டில் எது கெட்டாலும் அந்தக் கட்டு தளர்கிறது. தோலிலும் மூளையிலும் செல்கள் அளவு மீறி வளர்கின்றன. இதைத் தடுக்கும் மருந்தின் கதையில் ஓர் இந்தியர் இருக்கிறார். 1964இல் பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவிலிருந்து ஒரு கனடா நாட்டுக் குழு மண் எடுத்துவந்தது. அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ராபமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்த குழுவை மாண்ட்ரியலில் நடத்தியவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்த சுரேந்திரநாத் சேகல். 1980களின் தொடக்கத்தில் அவர் வேலை செய்த மருந்து நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டு, ஆய்வகத்தையும் மூடியபோது, அவர் நுண்ணுயிரியை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். பின்னாளில் ஆய்வு மீண்டும் உயிர்பெற்றது. ராபமைசின் முதலில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு உதவியது. அது எம்டாரை அடக்கும் என்பதும், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் எம்டார்தான் கட்டவிழ்கிறது என்பதும் தெரிந்தபின், அதன் நெருங்கிய உறவான எவரோலிமஸ் 2010இல் இந்நோயின் மூளைக் கட்டிகளுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முகத்தில் தோன்றும் சிவந்த பருக்களைக் குறைக்க அதே மருந்துக் குடும்பம் பூச்சாகவும் வந்துவிட்டது. தோலுக்கும் மூளைக்கும் ஒரே மருந்து. ஏனென்றால் கோளாறு ஒன்றே.

மழலை வலிப்புக்கு இந்நோயில் விகாபாட்ரின் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஓரப் பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையோடு கொடுக்க வேண்டும். வலிப்பு வரும்வரை காத்திராமல், மூளை மின்பதிவில் கோளாறு தெரிந்தவுடனே தொடங்கினால் என்ன என்று ஐரோப்பாவில் பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில் வலிப்பு தள்ளிப்போனது, குறையவும் செய்தது. பின்னர் வந்த அமெரிக்க ஆய்வில் மழலை வலிப்பு குறைந்தாலும் இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் மாற்றிவிடும் மந்திரம் இது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் வலிப்பு வருவதற்கு முன்பே அடையாளம் காணப்பட்டவர்கள். முன்கூட்டிக் கண்டதால்தான் கேள்வியே கேட்க முடிந்தது.

காப்பி நிறத் திட்டுகள்

வெளிறிய திட்டைப் போலவே கறுத்த திட்டும் பேசும். பால் கலந்த காப்பியின் நிறத்தில், விளிம்பு தெளிவாக, 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஆறு திட்டுகள் பருவம் வராத குழந்தைக்கு இருந்தால், நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகையைத் தேட வேண்டும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியான புள்ளிகள் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். 1882இல் ஜெர்மானியர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் விரிவாக எழுதிய இந்த நோய் ஏறத்தாழ 3,000 பேரில் ஒருவருக்கு வருவதால், இந்த வரிசையில் இதுவே அதிகம் காணப்படுவது.

நரம்பு முகட்டின் பிள்ளைகளான நிறமிச் செல்லும் ஸ்வான் செல்லும் இதில் ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றன. நிறமிச் செல்லின் பாதிப்பு தோல் திட்டாகத் தெரிகிறது. ஸ்வான் செல்லின் பாதிப்பு நரம்புக் கட்டியாக வளர்கிறது. பெரியவர்களில் உடல் முழுக்க மிருதுவான உருண்டைகள் தோன்றும். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும் துயரத்தை இவர்கள் வாழ்நாளெல்லாம் சுமக்கிறார்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தொட்டால் வராது, துணியால் வராது, தண்ணீரால் வராது.

குழந்தைகளில் கவனிக்க வேண்டியவை வேறு. ஏறத்தாழ நூற்றில் 15 பேருக்குப் பார்வை நரம்பின் பாதையில் கட்டி வரலாம். எனவே ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனை அவசியம். பாதிப் பேருக்குப் படிப்பில் தடுமாற்றமோ கவனக்குறைவோ இருக்கும். "சோம்பேறி" என்று அடி வாங்கும் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் காரணம் தெரியக்கூடும். அறுக்க முடியாமல் பரவிக் கிடக்கும் நரம்புக் கட்டிகளைச் சுருக்கும் செலுமெடினிப் என்ற மருந்து 2020இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது. விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால் வழியே இல்லை என்ற காலம் போய்விட்டது.

இந்த இரண்டு நோய்களைப் பற்றியும் குடும்பங்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. "சொந்தத்தில் கட்டியதால் வந்தது", "கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள்" என்ற இரு குற்றச்சாட்டுகளும் இங்கே பொய். நியூரோஃபைப்ரோமட்டோசிஸில் பாதிப் பேருக்கும், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கும் பிழை புதிதாக எழுந்தது. பெற்றோரில் யாருக்கும் நோய் இருக்காது. நோய் உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு. தாயின் தோல் ஒருமுறை, தந்தையின் தோல் ஒருமுறை கவனமாகப் பார்க்கப்பட வேண்டும். மிக லேசான நோயோடு தெரியாமலே வாழ்ந்தவராக அவர்களில் ஒருவர் இருக்கலாம்.

வெயில் சுடும் செல்

அடுத்தது, தாய், தந்தை இரு மருங்கிலிருந்தும் மரபணுவின் பிழையான பிரதி வந்து சேர்ந்தால் மட்டும் வரும் நோய்: சீரோடெர்மா பிக்மென்டோசம். வியன்னாவின் மோரிஸ் கப்போசி 1870களில் விவரித்தது. நம் நிறத்துக் குழந்தைகளுக்கு முகத்தில் பொட்டுப்பொட்டான புள்ளிகள் இயல்பாக வருவதில்லை. இரண்டு வயதுக்குள் கன்னத்திலும் மூக்கிலும் உதட்டிலும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல் வந்தால், வெளிச்சத்தில் கண் கூசிக் குழந்தை அழுதால், அது உடனே மருத்துவரிடம் போக வேண்டிய செய்தி. 20 வயதுக்குள் இவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

காரணத்தை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்த எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான். சாதாரணமாகச் செல் அதைச் சரிசெய்யும் விதத்தைக் காஞ்சி நெசவாளர் எளிதில் புரிந்துகொள்வார். பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் தறியை நிறுத்துவார்; பிசிறை நறுக்கி, அதே நிறத்தில் துண்டிழை சேர்த்து முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்துவிட்டுத்தான் மறுபடி நாடாவை ஓட்டுவார். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் சேலை நெடுகக் கோடு விழும். செல்லும் பழுதான இடத்தைச் சுற்றிச் சுமார் 30 எழுத்துகளை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதி ஒட்டுகிறது. இந்த வேலையின் நுணுக்கத்தை விளக்கிய அஸீஸ் சன்ஜார் 2015இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். சீரோடெர்மா நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பிறவியிலேயே இந்தப் பழுதுபார்ப்பு சரியாக நடப்பதில்லை.

தோல் கெடுவது புரிகிறது. வெயிலே படாத மூளை ஏன் கெடுகிறது? இந்நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நரம்புச் சிதைவு வருகிறது. முதலில் முழங்காலைத் தட்டினால் வரும் அனிச்சை அசைவு மறையும். பிறகு காது மந்தமாகும், நடை தள்ளாடும், படிப்பு பின்வாங்கும். எட்டு வகைகளாகப் பிரிந்த இந்நோயில், ஏ, டி என்னும் வகைகளில் இது அதிகம். டிஎன்ஏயைக் கெடுப்பது வெயில் மட்டும் இல்லை. செல் உயிர்வாயுவை எரித்து வாழும்போதே கெடுதல் பிறக்கிறது. மற்ற செல்கள் செத்தால் புதியவை வரும். நரம்புச் செல் பிறந்தது முதல் கடைசிவரை ஒன்றே. பழுது சேரச் சேர அது சாகிறது என்பதே ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம்.

நரம்புச் சிதைவை நிறுத்த மருந்து இல்லை. ஆனால் புற்றுநோயைத் தள்ளிப்போட முடியும். வெயிலை அடைத்தால் போதும். இதை நம் வீடுகளுக்கு ஏற்பச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களின் பழைய ஓட்டு வீடுகளில், தறிக்கு வெளிச்சம் வரக் கூரையில் கண்ணாடி ஓடு பதிப்பது உண்டு. கண்ணாடி ஒரு பகுதிக் கதிரைத்தான் தடுக்கும். இன்னொரு பகுதி உள்ளே வந்துவிடும். வீட்டுக்குள் இருக்கிறானே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்த ஓட்டை மூட வேண்டும், சன்னலுக்குக் கதிர் தடுக்கும் படலம் ஒட்ட வேண்டும், விளையாட்டைச் சூரியன் இறங்கியபின் வைத்துக்கொள்ள வேண்டும், வைட்டமின் டி மாத்திரையாகத் தர வேண்டும். பள்ளியில் சன்னல் ஓரம் இல்லாத இடம் கேட்டு வாங்க வேண்டும். ஆண்டுதோறும் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். காரப்பேட்டையில் அண்ணாவின் நினைவாக அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்கும் ஊர் இது. சிறு பிள்ளைக்குத் தோலில் புற்று என்றால் பின்னால் மரபணு இருக்கும் என்று உடனே நினைக்கவும், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்க்கவும் இந்த ஊருக்கு வசதி இருக்கிறது.

வறண்ட தோலும் விறைத்த காலும்

1957இல் சுவீடனின் டோர்ஸ்டென் ஷோகிரனும் டாகே லார்சனும் ஒரு நோயாளிக் குழுவினரை விவரித்தார்கள். பிறவியிலேயே தோல் தடித்துச் செதில் செதிலாக இருக்கும். இரண்டு வயதுக்குள் கால்கள் விறைத்து நடை வராது. அறிவு வளர்ச்சி குன்றும். வடக்கு சுவீடனின் ஒரு பகுதியில் இது அதிகம். அங்கு எப்போதோ வாழ்ந்த ஒரு முன்னோரின் பிழை தலைமுறைகள் வழியே பரவியிருந்தது. கொழுப்பைச் சிதைக்கும் ஒரு நொதி இதில் இல்லை. மேல்தோலில் ஈரத்தைக் காப்பதும் கொழுப்பு அடுக்கு. மூளையில் நரம்பிழைக்கு உறையாவதும் கொழுப்பு. பொருள் ஒன்றாக இருப்பதால் இரண்டும் கெடுகின்றன. பிறவிச் செதில் தோலோடு வரும் குழந்தைக்கு எண்ணெயும் களிம்பும் கொடுத்து அனுப்புமுன் கால்களைப் பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டும் என்பது இதன் பாடம்.

இந்த நோயும் சீரோடெர்மாவும் தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே பிழை வந்து சேர்ந்தால்தான் தலைகாட்டும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடித்தால் இருவரும் ஒரே பாட்டியிடமிருந்து ஒரே பிழையைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவீதப் பெண்கள் உறவில் மணந்தவர்கள். நாட்டின் சராசரி 11 சதவீதம். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் பிள்ளைக்குக் கடும் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு வழக்கமான 3 சதவீதத்துக்கு மேல் இன்னும் 2, 3 சதவீதம் கூடுகிறது. தாய்மாமனை மணந்தால் அதைவிட அதிகம். அதாவது பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. அதனால்தான் "எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று பலரால் சொல்ல முடிகிறது. ஆனால் அரிய நோயுள்ள பிள்ளை பிறந்த வீட்டில் இதே கணக்கு வேறு முகம் காட்டும்.

உறவுக்குள் மணக்காவிட்டால் போதுமா? ஒரே சமூகத்துக்குள் நூற்றாண்டுகளாக மணந்துவந்தாலும் இதே விளைவு வரும். ஹைதராபாதின் சிசிஎம்பி நிறுவனத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில், பின்லாந்து மக்களிடமும் அஷ்கனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட வலுவான தொடக்கக் குழு விளைவு, அதாவது சில முன்னோரின் பிழைகளே குழு முழுவதும் பரவிய நிலை, இருந்தது. அஷ்கனாசி யூதர்கள் இதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. மணத்துக்கு முன் பரிசோதனை என்ற ஏற்பாட்டைத் தங்கள் சமூகத்திலேயே கட்டி, டே-சாக்ஸ் என்ற கொடிய நரம்பு நோயைப் பெருமளவு ஒழித்தார்கள். நம் சமூகங்களும் சங்கங்களும் ஜாதகத்தோடு இந்தக் கேள்வியையும் கேட்கத் தொடங்கலாம். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தை உள்ள வீடு அடுத்த கருவுக்கு முன் மரபணு ஆலோசனைக்குப் போவது முதல் படி.

ஒரு வைட்டமின் மீட்கும் உயிர்

நம்பிக்கை தரும் நோயைக் கடைசிக்கு வைத்தேன். பயோட்டின் என்பது பி குடும்ப வைட்டமின். உடல் அதை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த பயோட்டினிடேஸ் என்ற நொதி வேண்டும். பாரி வுல்ஃப் என்ற மருத்துவரின் குழு 1983இல் இந்த நொதி இல்லாத குழந்தைகளை அடையாளம் கண்டது. பிறக்கும்போது எல்லாம் சரி. சில வாரங்களிலோ மாதங்களிலோ வாய், மூக்கு, கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணாகும்; முடி கொட்டும்; உடல் தொய்யும்; எந்த மருந்துக்கும் நிற்காத வலிப்பு வரும். கரப்பான் என்று பூச்சு மருந்து தடவிக்கொண்டே இருந்தால் காதும் கண்ணும் போய்விடும். போனவை பெரும்பாலும் திரும்பாது.

மருந்து, நாளுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின், வாழ்நாள் முழுதும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை. வலிப்பு சில மணி நேரத்திலோ நாட்களிலோ நின்றுவிடும். அறிகுறி வருமுன் தொடங்கினால் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள். காரணம் தெரியாத வலிப்போடு தோலும் முடியும் கெட்ட குழந்தைக்கு, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் பயோட்டின் கொடுத்துப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

யார் பார்ப்பது?

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் பார்க்கின்றன. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, வலிப்பு, தோல் நோய் எல்லாம் அவர்கள் பட்டியலில் தனித்தனியே இருக்கின்றன. வேண்டியது, அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம். வலிப்பு என்று வந்த குழந்தையின் சட்டையைக் கழற்றுவது. தோல் நோய் என்று வந்த குழந்தையை எழுந்து நடக்கச் சொல்வது. தோல் மருத்துவரும் நரம்பு மருத்துவரும் ஒரே குறிப்பேட்டில் எழுதுவது. குழந்தையை மாவட்ட மருத்துவமனையின் ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பினால் பயிற்சியும் பரிசோதனையும் ஒரே கூரையின்கீழ் தொடங்கிவிடும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. திட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். குழந்தை தூக்கிப்போடும்போது அதையும் படம் பிடியுங்கள். மருத்துவர் முன்னால் அது வராமல் போகலாம், அந்த அரை நிமிடக் காட்சி நோயைச் சொல்லிவிடும். வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வேண்டிக்கொள்வதில் தடையில்லை. அன்றைக்கே மருத்துவமனைக்கும் போய்வாருங்கள். வேண்டுதல் காத்திருக்கும், வளரும் மூளை காத்திருக்காது.

தொழுநோயை மறைத்துவைத்த காலத்தில் இந்த வட்டாரம் இழந்தது அதிகம். வெளியே காட்டத் துணிந்தபின் மீட்டதும் அதிகம். மரபு நோயுள்ள குழந்தைகள் எண்ணிக்கையில் அந்தக் காலத் தொழுநோயாளிகளைவிட மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மறைப்பின் விலை அதே அளவு பெரியது. பேனா முனையால் ஒரு திட்டைத் தொட்டு நரம்பின் நிலையை அறிந்த ஊழியர்களின் மாவட்டம் இது. அதே கைகளில் ஊதா விளக்கு ஒன்றைக் கொடுத்து, நான்கைந்து நோய்களின் முகத்தைச் சொல்லித் தருவது பெரிய செலவு இல்லை. இங்கே தொடங்கினால் மற்ற மாவட்டங்கள் பின்பற்றும்.